உயரும் சென்னைக்குக் கடைக்கால் எங்கே?

காட்டுப்பள்ளித் தீவு. நீர் வற்றும் நேரம். இடுப்பளவுத் தண்ணீரில் இருளர் பெண்கள் குனிந்தபடி மெல்ல நகர்கிறார்கள். பனை ஓலையில் பின்னிய பறியின் விளிம்பைப் பல்லால் கடித்துப் பிடித்திருக்கிறார்கள். இரண்டு கைகளும் சேற்றுக்குள் துழாவிக்கொண்டிருக்கின்றன. விரல் நுனியில் இறால் துள்ளியதும் அமுக்கி எடுத்து, தலையை லேசாகச் சாய்த்துப் பறிக்குள் போடுகிறார்கள். கண்ணுக்கு இந்தத் தொழிலில் வேலை குறைவு. சேறு எங்கே இளகியிருக்கிறது, எங்கே மணல் கலந்திருக்கிறது, எங்கே குழி என்பதையெல்லாம் கைதான் பார்க்கிறது.

அவர்களின் முதுகுக்குப் பின்னால் அனல்மின் நிலையங்களின் புகைபோக்கிகள் நிற்கின்றன. 500 மெகாவாட் யூனிட்டுகளுக்கு 275 மீட்டர் உயரத்தில் புகைபோக்கி கட்ட வேண்டும் என்பது நெடுங்காலமாக இருந்த விதி. வல்லூரில் அப்படித்தான் கட்டியிருக்கிறார்கள். சென்னையின் எந்த அடுக்குமாடியும் இன்றுவரை அந்த உயரத்தைத் தொட்டதில்லை. பெரம்பூரில் பின்னி மில் இருந்த நிலத்தில் எழும்பியிருக்கும் 45 மாடிக் குடியிருப்பே சுமார் 170 மீட்டர்தான். வானளாவிய கட்டடங்களைப் பற்றி எழுத வேண்டும் என்றால் ஓ.எம்.ஆருக்குப் போவதுதான் வழக்கம். நான் வடக்கே, பழவேற்காட்டுப் பக்கம் வந்ததற்குக் காரணம் இருக்கிறது. தெற்கே எழும்பும் ஒவ்வொரு மாடியின் பாரமும் இந்த உப்பங்கழியில்தான் இறங்குகிறது.

அண்ணாந்து பார்த்த காலம்

மவுண்ட் ரோட்டு எல்.ஐ.சி. கட்டடத்தை 1959 ஆகஸ்டில் திறந்தார்கள். உயரம் 177 அடி. இந்தியாவிலேயே உயரமான கட்டடம் என்ற பெயர் கொஞ்ச காலம் அதற்கு இருந்தது. அதைக் கட்டத் தொடங்கியவர் எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார். 1954ல் சிங்கப்பூரில் நடந்த விமான விபத்தில் அவர் காலமானார். 1956ல் ஆயுள் காப்பீடு நாட்டுடைமையானதும் பாதியில் நின்ற கட்டடம் எல்.ஐ.சி.யின் கைக்கு வந்தது. பட்டணம் பார்க்க வந்தவர்கள் அண்ணாந்து நின்று மாடிகளை எண்ணிவிட்டுத்தான் ஊர் திரும்பினார்கள். சினிமாவில் கதாநாயகன் சென்னைக்கு வந்துவிட்டான் என்று காட்ட அந்த ஒரு கட்டடம் போதுமானதாக இருந்தது.

அதன் பிறகு பல பத்தாண்டுகளுக்குச் சென்னை மேலே போகவில்லை. பக்கவாட்டில்தான் பரவியது. வயல், ஏரி, தாங்கல், சதுப்பு எல்லாம் நகர் என்றும் அவென்யூ என்றும் பெயர் மாறின. இந்தப் போக்கை மாற்றியதில் 2019ல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளுக்குப் பெரிய பங்கு உண்டு. எஃப்.எஸ்.ஐ. என்று எல்லோரும் சொல்லும் தளப்பரப்புக் குறியீடு சாதாரணக் கட்டடத்துக்கு 2 ஆனது. 18.3 மீட்டரைத் தாண்டும் உயரக் கட்டடத்துக்கு 3.25 ஆனது. சாலை போதிய அகலம் என்றால் கட்டணம் செலுத்தி இன்னும் 50 சதவீதம் வரை கூட்டிக்கொள்ளலாம். ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி. வெறும் கணக்குக்காகப் பார்த்தால், சாதாரண விதியில் அதன்மேல் 4,800 சதுர அடி எழுப்பலாம். உயரக் கட்டட விதியில் 7,800. கூடுதல் கட்டணமும் செலுத்தினால் 11,700. மண் அதே 2,400தான்.

உயரத்துக்கு நான் எதிரி இல்லை. ஒரு லட்சம் குடும்பங்களைத் தனித்தனி வீடுகளில் குடியமர்த்த எத்தனை ஏரிகளைத் தூர்க்க வேண்டியிருக்கும் என்று யோசித்தால், மாடிமேல் மாடி வைப்பதில் உள்ள நியாயம் புரியும். மெட்ரோவுக்கு அருகில், பாதாளச் சாக்கடையும் குடிநீர்க் குழாயும் ஏற்கெனவே உள்ள இடத்தில் நகரம் உயர்ந்தால் வெளியே உள்ள வயலும் நீர்நிலையும் தப்பும். நகரமைப்பு அறிஞர்கள் சொல்லும் இந்த வாதம் பலமானது. ஆனால் சென்னையில் நகரம் உயரவும் செய்தது, பரவுவதையும் நிறுத்தவில்லை. உயரமான குடியிருப்புகளில் கணிசமானவை பள்ளிக்கரணைச் சதுப்பை ஒட்டிய தென்சென்னை வட்டாரத்தில்தான் எழுந்தன. அந்தச் சதுப்பு தன் பழைய பரப்பில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குச் சுருங்கிய பிறகே, 2022ல், ராம்சர் ஈரநிலம் என்ற சர்வதேச அங்கீகாரம் கிடைத்தது. மௌலிவாக்கத்தில் 2014 ஜூன் 28 அன்று 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். பெரும்பாலானவர்கள் கூலி வேலைக்கு வந்தவர்கள். கீழே இருப்பது என்ன மண் என்று பார்க்காமல் மேலே போனால் என்ன ஆகும் என்பதை அந்த மழை நாள் சொல்லிவிட்டுப் போனது.

மௌலிவாக்கத்தில் கடைக்கால் மனைக்குக் கீழேயே இருந்தது. இன்று எழும் 40 மாடிக்கு இன்னொரு கடைக்காலும் உண்டு. அது மனையிலிருந்து 40, 50 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது.

சாம்பலும் உப்பும்

மின்சாரம் இல்லாமல் உயரக் கட்டடம் ஒரு நாள்கூட நடக்காது. லிஃப்ட், தண்ணீரை மேலேற்றும் மோட்டார், காற்று இழுக்கும் விசிறி எல்லாமே மின்சாரத்தை நம்பித்தான். அத்திப்பட்டில் வடசென்னை அனல்மின் நிலையத்தின் முதல் யூனிட்டுகள் 1990களில் ஓடத் தொடங்கின. பிறகு 1,200 மெகாவாட் சேர்ந்தது. பக்கத்தில் வல்லூரில் 1,500 மெகாவாட் வந்தது. 2024ல் மேலும் 800 மெகாவாட் யூனிட்டைத் தொடங்கிவைத்தார்கள். எல்லாம் சேர்த்தால் 4,000 மெகாவாட்டுக்கு மேல். ஒரு கழிமுகத்தைச் சுற்றி, சைக்கிளில் போய்வரும் தூரத்துக்குள், இவ்வளவும்.

இந்திய நிலக்கரியில் மூன்றில் ஒரு பங்கு, சில சமயம் அதற்கு மேலும் சாம்பல்தான். அந்தச் சாம்பலைத் தண்ணீரில் கலந்து குழம்பாக்கிக் குழாய் வழியே குளங்களுக்கு அனுப்புகிறார்கள். செப்பாக்கம் போன்ற ஊர்களின் வாசலிலேயே அந்தக் குளங்கள். குழாய் வெடித்த போதெல்லாம் குழம்பு கொசஸ்தலையாற்றில் இறங்கியது. தேசிய பசுமைத் தீர்ப்பாயம்வரை வழக்கு போய், படிந்ததை அகற்றச் சொல்லி உத்தரவும் வந்தது. சாம்பல் படிந்த இடத்தில் சேறு சேறாக இருப்பதில்லை. மேலே வழவழப்பு, அடியில் சிமென்ட் தரைபோல இறுக்கம். கையால் இறால் தேடுகிற பெண்ணின் விரல் அதற்குள் இறங்காது, இறாலும் அங்கே வளை தோண்டாது.

இதே சாம்பல் கட்டடத்துக்குள்ளும் போகிறது. கடையில் நாம் வாங்கும் பி.பி.சி. சிமென்ட்டில் 15 முதல் 35 சதவீதம்வரை உலர் சாம்பல் கலக்கலாம் என்று தரநிர்ணயம் அனுமதிக்கிறது. ஃப்ளை ஆஷ் கல் என்று லாரி லாரியாக வந்து இறங்குவதும் இதுதான். சாம்பலைக் கல்லாக்குவது நல்ல வேலை, குளத்தில் கொட்டுவதைவிட ஆயிரம் மடங்கு நல்லது. நான் சொல்ல வருவது வேறு. உங்கள் வீட்டுச் சுவருக்கும் கொசஸ்தலையாற்றுச் சேற்றுக்கும் உள்ள உறவை வெறும் பேச்சுக்காகச் சொல்லவில்லை. இரண்டிலும் அதே பொருள் இருக்கிறது.

அடுத்தது தண்ணீர். 400 வீடுகள் கொண்ட ஒரு கோபுரம் என்று வைத்துக்கொள்வோம். வீட்டுக்கு நான்கு பேர், ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பது அரசின் அளவுகோல். கூட்டினால் நாளொன்றுக்கு 2,16,000 லிட்டர். 12,000 லிட்டர் லாரியில் கொண்டுவந்தால் 18 நடை. மீஞ்சூர்ப் பகுதி ஒரு காலத்தில் சென்னைக்கு நிலத்தடி நீர் தந்த ஊர். ஆழ்குழாய்க் கிணறுகளிலிருந்து மணலித் தொழிற்சாலைகளுக்கும் நகரத்துக்கும் இறைத்துக்கொண்டே போனதில் நன்னீர் இறங்கி, கடல்நீர் பல கிலோமீட்டர் உள்ளே ஏறியது. கிணறு உப்பானதும் 2010 ஜூலையில் காட்டுப்பள்ளியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை வந்தது. நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர். நாம் கணக்குப் போட்டது போன்ற கோபுரங்களில் 460க்குக் கொஞ்சம் அதிகமானவற்றின் தாகத்துக்கு அது போதும். ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு இரண்டு லிட்டருக்கும் மேல் கடல்நீரை உள்ளிழுத்து, மீதியை உப்பு தடித்த நீராகக் கடலுக்கே திருப்பி அனுப்ப வேண்டும். கரையோர வலைகள் அந்தக் கடலில்தான் இருக்கின்றன.

கழியின் கரையில் குடியிருப்பவர்கள் குடத்துடன் தண்ணீர் லாரிக்காகக் காத்து நிற்பதை இந்தப் பக்கம் வந்த எவரும் பார்த்திருப்பார்கள். நகரத்துக்குக் கோடிக்கணக்கில் தண்ணீர் போகும் குழாய்க்கு அருகில் நிற்கிற குடம் அது. எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு மனம் ஆறுவதில்லை.

தெற்கே கல் போட்டால் வடக்கே கரை போகும்

சோழமண்டலக் கரையில் வருஷத்தின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. நடுவில் கல்லைக் கொட்டி நீட்டினால் தெற்குப் பக்கம் மணல் சேரும், வடக்குப் பக்கம் கரை அரிக்கும். மெரினாவின் அகலமான மணல்வெளி அப்படி வந்ததுதான். 1870களில் சென்னைத் துறைமுகத்துக்குக் கல் போடத் தொடங்கிய பிறகு தெற்கே கடற்கரை வளர்ந்தது. ராயபுரத்திலிருந்து எண்ணூர்வரை கடல் வீடுகளை விழுங்கியது. ஒரு பாதி ஊருக்கு மாலை நடைக்கு மணல் கிடைத்தது, இன்னொரு பாதி ஊர் வாசலில் கருங்கல்லை அடுக்கிக்கொண்டது. நூறு ஆண்டு தாண்டியும் சென்னை இந்தக் கணக்கைத் தீர்க்கவில்லை.

அதே கதை வடக்கே மறுபடி நடந்தது. 2001ல் எண்ணூர்த் துறைமுகம் வந்தது. அடுத்த பத்தாண்டில் காட்டுப்பள்ளியில் கப்பல் கட்டும் தளமும் துறைமுகமும் வந்தன. அதற்காகக் காட்டுப்பள்ளிக் குப்பம் இடம் பெயர்ந்தது. 2018ல் அந்தத் துறைமுகம் அதானி குழுமத்தின் கைக்குப் போனது. அதன் பிறகு வந்த விரிவாக்கத் திட்டம்தான் பழவேற்காட்டு ஊர்களை உறங்கவிடாமல் செய்தது: 330 ஏக்கரில் உள்ள துறைமுகத்தை 6,111 ஏக்கராக்குவது. 2021 ஜனவரியில் வைத்த கருத்துக்கேட்பு தள்ளிப்போனது. 2023 செப்டம்பரில் மறுபடி அறிவித்து மறுபடி தள்ளிவைத்தார்கள். காளாஞ்சி, கருங்காளிப் பக்கம் ஏற்கெனவே மெலிந்துவிட்ட மணல் மேடுதான் வங்கக் கடலையும் பழவேற்காட்டு ஏரியையும் பிரித்து நிற்கிறது. அது உடைந்தால் ஏரி இருக்காது, கடலின் ஒரு குடாவாகிவிடும். இதைச் சொல்ல மீனவருக்குப் பொறியியல் பட்டம் தேவைப்படவில்லை.

சிலிகா ஏரிக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இது. பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது. தென்கோடியும் அங்கே கடலுக்குத் திறக்கும் முகத்துவாரமும் நம் பக்கம். ஆரணியாறு இங்கேதான் வந்து சேர்கிறது. ஆற்றில் வெள்ளம் வேகமாக வந்தால் முகத்துவாரத்து மணலைத் தள்ளிக்கொண்டு போகும். ஆற்று மணலை அள்ளி, தண்ணீரைத் தடுத்து, அந்த வேகம் குறைந்ததும் மணல் திட்டு முகத்துவாரத்தை அடைக்கிறது. படகு தட்டுகிறது. ஏரிக்குள் இறாலும் மடவையும் வந்து சேரும் வழி சுருங்குகிறது. நிரந்தரமாகத் திறந்து வைக்கத் தூண்டில் வளைவு வேண்டும் என்று மீனவர்கள் வருஷக்கணக்கில் கேட்டார்கள். சுமார் 27 கோடி ரூபாய் ஒதுக்கி அரசு அந்த வேலையை எடுத்தது. சென்னையில் ஒரு நல்ல அடுக்குமாடிக் குடியிருப்பின் சில வீடுகளின் விலைதான் அந்தத் தொகை.

பழவேற்காடு எப்போதுமே சிற்றூராக இருந்துவிடவில்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். டச்சுக்காரர்கள் 1613ல் இங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். இங்கிருந்து போன துணி தென்கிழக்காசியாவரை பெயர் வாங்கியது. 1639ல்தான் ஆங்கிலேயர் மதராசில் மணல்மேட்டைக் கேட்டு வாங்கினார்கள். அன்று பட்டணம் இது, குப்பம் அது. எலும்புக்கூடு செதுக்கிய வாசலோடு டச்சுக் கல்லறைத் தோட்டம் இன்னும் ஊருக்குள் நிற்கிறது.

பாடு

பழவேற்காட்டு ஏரியில் யார் வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் வலை போட முடியாது. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர்மாதாகுப்பம் ஆகிய ஊர்களில் பாடு என்று ஒரு முறை இருக்கிறது. இறால் ஓடும் நல்ல இடங்களைப் பாடுகளாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். எந்தப் பாட்டில், எந்த நாளில், யார் வலை கட்டுவது என்பதைச் சீட்டுக் குலுக்கியும் முறை வைத்தும் முடிவு செய்கிறார்கள். இன்று நல்ல பாடு கிடைத்தவருக்கு நாளை சுமாரான பாடு. ஏரி தாங்குகிற அளவுக்குமேல் வலை இறங்காது. இந்த முறைக்குக் குறைகளும் உண்டு. தலைக்கட்டு உரிமை உள்ளவர்களுக்குத்தான் பாடு. பெண்களுக்கும் இருளருக்கும் வேறு சாதிக்காரர்களுக்கும் அதில் இடமில்லை. அதனால் சண்டைகளும் நடந்திருக்கின்றன. அதை மறைத்துவிட்டு மெச்சுவது நேர்மை ஆகாது.

ஆனாலும் எஃப்.எஸ்.ஐ.யையும் பாட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. இரண்டுமே பங்கீடுதான். ஒன்று வானத்தைப் பங்கிடுகிறது, மற்றது தண்ணீரை. பாட்டில் முதல் கேள்வி: ஏரி எவ்வளவு தாங்கும்? எஃப்.எஸ்.ஐ.யில் முதல் கேள்வி: சாலை எவ்வளவு அகலம்? சாலையைக் கேட்கிற விதி ஏன் ஆற்றைக் கேட்கவில்லை? ஒரு வட்டாரத்தில் 3.25ஐ 4.87 ஆக்கும்போது, அந்தக் கூடுதல் மாடிகளுக்கு வேண்டிய மின்சாரமும் தண்ணீரும் எந்தக் கரையிலிருந்து வரும், அந்தக் கரை அதைத் தாங்குமா என்று கேட்க நம் விதிப்புத்தகத்தில் ஒரு வரிகூட இல்லை.

இப்போது கேட்டாக வேண்டிய நேரம். 2022 அக்டோபரில் சென்னைப் பெருநகர எல்லை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆனது. மீஞ்சூருக்குப் புதுநகர் வளர்ச்சித் திட்டம் போடுகிறார்கள். எண்ணூர்த் துறைமுகத்திலிருந்து மாமல்லபுரம் பக்கம் பூஞ்சேரிவரை 130 கிலோமீட்டருக்குமேல் எல்லைச் சாலை வருகிறது. பொன்னேரியைத் தொழில் நகரமாக்கும் திட்டம் சென்னை-பெங்களூரு தொழில் வழித்தடத்தோடு வந்தது. 2046வரை நகரம் எப்படி இருக்க வேண்டும் என்று சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் (சி.எம்.டி.ஏ.) மூன்றாம் முழுமைத் திட்டத்தை எழுதுகிறது. உயரம் வடக்கே நகரும். இன்னும் பத்துப் பதினைந்து வருஷத்தில் எண்ணூருக்கு வடக்கே பக்கிங்காம் கால்வாயின் கரையில் முதல் 20 மாடி எழுந்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

அந்த நாளில் மீனவர் எங்கே இருப்பார்? நொச்சிக்குப்பத்தைப் பார்த்தால் கொஞ்சம் தெரியும். கடற்கரைக் குடிசைகள் அடுக்குமாடி ஆயின. வீடு கல்வீடானது, நல்லதுதான். ஆனால் வலையை எங்கே உலர்த்துவது? படகு எஞ்சினை மூன்றாம் மாடிக்கு யார் தூக்குவது? கருவாட்டை எந்தப் பால்கனியில் காயப்போடுவது? அங்கே மீன் விற்பனை மெரினா லூப் ரோட்டின் ஓரத்தில் நடந்தது. 2023 ஏப்ரலில் போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று கடைகளை அகற்றியதும் மீனவர்கள் ரோட்டிலேயே மீனைக் கொட்டிப் போராடினார்கள். அடுத்த வருஷம் தனி மீன் அங்காடி வந்தது. சண்டை போட்ட பிறகு கொடுத்ததை வரைபடம் போடும்போதே கொடுத்திருக்கலாம். தரைத்தளம் முழுக்க வலைக்கும் எஞ்சினுக்கும் ஐஸ் பெட்டிக்கும் விட்டு, அதற்குமேல் வீடு கட்டுவது எந்தப் பொறியாளருக்கும் கஷ்டமான வேலை இல்லை. கேட்டால் போதும்.

மும்பையில் கேட்டார்கள். வொர்லி கோலிவாடாவின் மீனவர்கள், கடலோரச் சாலைப் பாலத்தின் தூண்களுக்கு இடையே 60 மீட்டர் போதாது, படகு மோதும் என்று வேலையை நிறுத்திப் போராடினார்கள். கடைசியில் அரசு இறங்கிவந்து 120 மீட்டராக்கியது. சுற்றிலும் இந்தியாவின் மிக உயரமான கோபுரங்கள் நிற்கும் வட்டாரத்தில் ஒரு குப்பம் பாலத்தின் வரைபடத்தை மாற்ற வைத்திருக்கிறது.

இங்கே மூன்று காரியங்களை நான் கேட்கிறேன். மூன்றாம் முழுமைத் திட்டத்தின் வரைபடத்தில் எண்ணூர்க் கழிமுகம் முதல் பழவேற்காடு முகத்துவாரம்வரை உள்ள உப்பங்கழி, ஓடை, அளம், பாடு எல்லாவற்றையும் பெயர் எழுதிக் குறிக்க வேண்டும். புறம்போக்கு என்றோ காலி நிலம் என்றோ வெள்ளையாக விடக் கூடாது. பாட்டின் எல்லை மீனவருக்குத் தெரியும், இறால் தேடும் இடம் இருளர் பெண்களுக்குத் தெரியும். அவர்களைக் கூட்டிப்போய் வரைய வேண்டும். அடுத்து, கூடுதல் எஃப்.எஸ்.ஐ.க்கு வாங்கும் கட்டணத்தில் ஒரு பங்கைச் சட்டப்படி கொசஸ்தலையாற்றுக்கும் ஆரணியாற்றுக்கும் ஒதுக்க வேண்டும். சாம்பலை வாரவும் முகத்துவாரத்தைத் திறந்து வைக்கவும் அந்தப் பணம் போகட்டும். மாடி வாங்குகிறவருக்குச் சதுர அடிக்கு ஏறுவது சொற்பம்தான். கடைசியாக, 6,111 ஏக்கர் திட்டத்தைத் தள்ளிவைப்பது போதாது, கைவிட வேண்டும். பூண்டி ஏரியில் திறந்துவிடும் உபரி நீர் கொசஸ்தலையாறு வழியாக எண்ணூரில்தான் கடலைச் சேர்கிறது. அந்த வழி குறுகினால் முதலில் மூழ்குவது குப்பம், அடுத்து மணலி, அதற்கடுத்து நகரம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர் வீடுகளுக்குள் வந்ததை மறந்திருக்க மாட்டோம். தண்ணீரில் மிதந்த அந்தக் கறுப்பை மீனவர்கள் வாளியில் அள்ளியதைத் தொலைக்காட்சியில் எல்லோரும் பார்த்தோம்.

சாயங்காலம் முகத்துவாரத்துக்குப் போனேன். நீர் ஏறிக்கொண்டிருந்தது. திட்டில் தட்டிவிடாமல் இருக்க இரண்டு ஃபைபர் படகுகள் எஞ்சினைத் தூக்கிக்கொண்டு தண்ணீர் உயரக் காத்து நின்றன. முன்னால் ஒருவர் இறங்கி, மார்பளவு நீரில் நடந்து, ஆழம் எங்கே இருக்கிறது என்று காலால் பார்த்துக்கொண்டிருந்தார். கையைத் தூக்கி வலப்பக்கம் காட்டினார். முதல் படகு அந்தப் பக்கம் திரும்பியது.